திரிக்கப்பட்ட குரல்: மலையின் எதிரொலி முதல் கணினியின் நகல் வரை

நாமக்கல் மாவட்டத்தின் காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் கொல்லிமலை. கடல்மட்டத்திற்கு மேல் ஆயிரம் மீட்டருக்கும் கூடுதலான உயரம். மிளகும் பலாவும் காப்பியும் விளையும் மண். சேலம், நாமக்கல், இராசிபுரம் வட்டாரத்துக் குடும்பங்கள் விடுமுறை நாள்களில் ஏறிச் செல்லும் மலை இது. பள்ளத்தாக்கின் விளிம்பில் வண்டியை நிறுத்தியதும் பிள்ளைகள் செய்யும் முதற்காரியம் ஓங்கிக் கூவிப் பார்ப்பது. எதிர்ப்பாறை பதில் தரும். பாறை 170 மீட்டர் தொலைவில் இருந்தால், போய்வர 340 மீட்டர். ஒலியின் வேகப்படி ஏறத்தாழ ஒரு நொடியில் பதில் வந்து சேரும். ஆனால் திரும்பி வருவது நாம் அனுப்பிய குரல் அன்று. வழியிலுள்ள காற்றும் இலைகளும் உச்ச ஒலிகளை உண்டுவிடுகின்றன. 'ச', 'ட', 'ப' போன்ற எழுத்துகளின் கூர்மை மழுங்கி, உயிரெழுத்துகளின் நீட்டம் மட்டும் மிஞ்சுகிறது. உரியவரின் குரல்தான், ஆயினும் உருமாறிய குரல்.

கொல்லிமலைக்கும் இசைக்கும் பெயரளவிலேனும் பழைய உறவு உண்டு. தமிழ்ப் பண்களுள் ஒன்றின் பெயர் கொல்லி. அதே மலையைப் பற்றிய இன்னொரு பழஞ்செய்தி கொல்லிப்பாவை. காற்றாலும் மழையாலும் சிதையாத எழிலுடைய ஒரு பாவை அம்மலையில் இருந்ததாகச் சங்கப் புலவர்கள் பாடினர். அது தன் சிரிப்பால் மனிதரை மயக்கி அழித்தது என்று பிற்காலக் கதைகள் சொல்லின. அது இயங்கும் பொறி என்று கருதுவோரும் உளர். நம் அகீதாவின்படி அக்கதையை நாம் நம்ப வேண்டியதில்லை. எனினும், மனிதரைப் போல் ஒலி எழுப்பும், ஆனால் மனிதர் அல்லாத ஒன்றைப் பற்றிய அச்சமும் வியப்பும் கணினிக் காலத்தில் பிறந்தவை அல்ல என்பதை அது காட்டுகிறது.

இக்கட்டுரையின் பொருள், பதிவுசெய்த குரலை வேண்டுமென்றே திரிக்கும் கலை. ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒருவர் பாடி முடித்த பின்னர், அக்குரலுக்கு எதிரொலி சேர்த்தல், கரகரப்பு ஊட்டல், தொலைபேசியில் பேசுவதுபோல் குறுக்குதல், எந்திரமாக்குதல், ஒன்றைப் பலவாக்குதல் ஆகியவை இதில் அடங்கும். பிறகு மற்ற ஒலித்தடங்களோடு அதைக் கலப்பார்கள். நம் பிள்ளைகள் இன்று கைபேசியில் நஷீதும் கிராஅத்தும் பதிவுசெய்து, ஒரு பொத்தானைத் தொட்டு இவை அனைத்தையும் செய்துவிடுகிறார்கள். பொத்தானுக்குப் பின்னால் நூற்றிருபது ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அதில் முஸ்லிம்களின் பங்கும் முஸ்லிம்களின் கேள்விகளும் எண்ணியதைவிடக் கூடுதல்.

முதற்கேள்வி ஃபிக்ஹு நூல்களிலேயே இருக்கிறது. அதுவும் ஒலிப்பதிவுக் கருவி பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே. ஸஜ்தா ஆயத்தைக் கேட்பவர் மீது ஸஜ்தா திலாவத் வாஜிப் என்பது ஹனஃபி மத்ஹபின் சட்டம். அப்படியானால் மலையில் மோதித் திரும்பும் எதிரொலியிலிருந்து அந்த ஆயத்தைக் கேட்டால்? பேசப் பழக்கப்பட்ட பறவையின் வாயிலிருந்து கேட்டால்? கடமையாகாது என்று ஹனஃபி அறிஞர்கள் எழுதிவைத்தனர். ஓதலுக்கு ஓர் ஓதுபவர் வேண்டும். எண்ணமும் பகுத்தறிவும் உள்ள ஒரு நாவு வேண்டும். பாறைக்கு அது இல்லை. எதிரொலியை அவர்கள் இகழவில்லை. அது குரலின் விளைவு, குரல் அன்று எனப் பிரித்தார்கள். கிராமபோனும் டேப்பும் வந்தபோது பிற்கால அறிஞர்கள் பலர் கையிலெடுத்தது இந்தப் பழைய சட்டத்தைத்தான். பதிவுசெய்த ஓதலையும் எதிரொலியின் வகையிலேயே சேர்த்தனர். (ஷாஃபிஈ மத்ஹபில் இந்த ஸஜ்தா சுன்னத்து. தத்தம் மத்ஹபின் விவரத்தை ஊர் ஆலிமிடம் கேட்டறிவதே முறை.)

இக்கேள்வி ஏட்டளவில் நிற்கவில்லை. இன்றைய ஜகார்த்தாவான படேவியாவில் வாழ்ந்த ஹள்ரமீ அறிஞர் சையித் உஸ்மான், 1899 ஆம் ஆண்டிலேயே ஃபோனோகிராஃபில் குர்ஆனைப் பதிவதும் கேட்பதும் பற்றித் தம் தீர்ப்பை எழுதினார். எடிசன் அக்கருவியை உருவாக்கிய 1877 இலிருந்து 22 ஆண்டுகள்தாம் கடந்திருந்தன. நவீனக் கருவிகள் வந்தபோது முஸ்லிம்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள் என்று சொல்லிப் பழகியவர்கள் இந்த ஆண்டுக் கணக்கைச் சற்று நோக்கலாம்.

இந்தியாவுக்கு வருவோம். 1902 நவம்பரில் கல்கத்தாவில் கிராமபோன் நிறுவனத்தின் ஃபிரெட் கெய்ஸ்பெர்க் பதிவுசெய்த பாடகி கௌஹர் ஜான். ஆர்மீனியக் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்து, தாயோடு இஸ்லாத்தைத் தழுவியவர். 1930 இல் மைசூரில் மறைந்தார். பாட்டின் முடிவில் அவர் ஆங்கிலத்தில் தம் பெயரை அறிவிப்பார். பதிவுகள் ஜெர்மனியின் ஹனோவருக்குக் கப்பலேறி அங்கே தட்டுகளாக அச்சாயின. யார் குரல் என்பதை அங்குள்ள தொழிலாளர் அறிய அந்த அறிவிப்பு உதவிற்று. அக்காலத்தில் ஒலிவாங்கி கிடையாது. தகரக் கூம்பின் வாய்க்குள் தலையை நுழைத்தாற்போல் நின்று உரக்கப் பாட வேண்டும். அக்கூம்பு பிடித்தது ஏறத்தாழ 250 முதல் 2500 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வுகளை மட்டுமே. மனிதக் காது 20,000 வரை கேட்கும். அடித்தொனியும் மூச்சின் நுண்மையும் தட்டில் ஏறவே இல்லை. எனவே முதல் பதிவே திரிபுதான். திரிக்காத குரல் என்று ஒன்று பதிவுலகில் ஒருநாளும் இருந்ததில்லை. 1925 வாக்கில் மின்வழிப் பதிவு வந்த பிறகே மெல்லப் பாடுவோருக்கும் தட்டில் இடம் கிடைத்தது.

தமிழ் முஸ்லிம்களுக்குக் குரல் என்றவுடன் நினைவில் எழுபவர் மர்ஹூம் நாகூர் இ.எம். ஹனீஃபா. ஒலிபெருக்கியே தேவைப்படாத கணீர்க் குரல் என்று அவரைக் கேட்டவர்கள் சொல்வார்கள். ஆனால் நம்மில் பெரும்பாலோர் அக்குரலைக் கேட்டது எங்கே? கந்தூரிப் பந்தலின் மூங்கிலில் கட்டிய குழாய் ஒலிபெருக்கியில். நிக்காஹ் வீட்டு வாசலில். இலங்கை வானொலி முஸ்லிம் சேவையில், சிற்றலை ஏறியிறங்க ஏறியிறங்க. அதாவது, நாம் நேசித்த ஹனீஃபாவின் குரல் கூடத்தில் பதிவானபடி நம்மை வந்தடையவில்லை. குழாயும் வானொலி அலையும் திரித்த குரலைத்தான் நாம் நேசித்தோம்.

அந்தக் குழாய் என்ன செய்கிறது என்பதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். ஏனெனில் இன்று கூடங்களில் பெரும் பொருட்செலவில் செய்யப்படும் வேலை அதுவே. குழாய் ஒலிபெருக்கி அடித்தொனியைத் தராது. சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே அதில் ஏறத்தாழ ஒன்றுமில்லை. உச்சத்திலும் விரைவில் அடங்கிவிடும். நடுப்பகுதியை மட்டும், பேச்சின் தெளிவு குடியிருக்கும் பகுதியை மட்டும், கூர்மையாக வீசும். அதனால்தான் வயல்களைத் தாண்டி அடுத்த ஊர்வரை சொல் கேட்டது. அடுத்தது பெருக்கி. ஒலிபெருக்கிக்காரர் திருகை முழுதாகத் திருப்பிவைத்தால், பெருக்கி தன் ஆற்றலின் எல்லையை எட்டிவிடும். அலையின் முகடு அதற்குமேல் உயர முடியாமல், கத்தியால் சீவியதுபோல் தட்டையாகிறது. முகடு சீவப்பட்ட அலையில், முன்பு இல்லாத புதிய மேற்சுரங்கள் பிறக்கின்றன. 200 ஹெர்ட்ஸ் குரலுடன் 600, 1000, 1400 என ஒற்றைப்படை மடங்குகள் சேர்ந்துகொள்கின்றன. காது அதைக் கரகரப்பு என்றும், ஆவேசம் என்றும், 'அவர் உரக்கப் பாடுகிறார்' என்றும் புரிந்துகொள்கிறது. ஒலியளவு கூடாமலே கூடியதாகத் தோன்றும். டிஸ்டார்ஷன் என்று இன்று சொல்லப்படுவதன் இயல்பு இதுதான்.

இன்றைய ஒலிக்கலவைப் பொறியாளர் இதைத் தாமே கட்டுகிறார். குரல்தடத்தைப் படியெடுத்து, படியில் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 3400 க்கு மேலும் வெட்டிவிடுவார்; பழைய தொலைபேசியின் எல்லை அது. பிறகு முகடுகளைச் சீவுவார். அந்தக் கரகரத்த படியை மூலக் குரலின் அடியில், கேட்டும் கேளாத அளவில் கலப்பார். கேட்பவருக்குத் திரிபு தெரியாது. கூட்டமான இசையின் நடுவிலும் சொல் மட்டும் முன்னால் வந்து நிற்பதாகத் தோன்றும். மாறாக, ஒரு வரியில் மட்டும் மூலக் குரலை அணைத்துவிட்டுக் கரகரத்த படியைத் தனியே விட்டால், எங்கோ தொலைவிலிருந்து, பழங்காலத்திலிருந்து ஒருவர் பேசுவதுபோல் இருக்கும். வரிசையும் முக்கியம். கரகரப்பூட்டிய பின் எதிரொலி சேர்த்தால், கரகரத்த மனிதர் பெரிய மண்டபத்தில் நிற்கிறார். எதிரொலி சேர்த்த பின் கரகரப்பூட்டினால் மண்டபமே கரகரக்கிறது. ஓய்ந்துபோக வேண்டிய வால் வீங்கி எழுந்து சொல்லை மூடிவிடுகிறது. ஒரே இரு கருவிகள்தாம். முன்பின் மாறினால் வேறு குரல்.

எதிரொலியின் கதை தனிக்கதை. இயற்கையில் அதற்கு மலையோ மண்டபமோ வேண்டும். பதிவுக்கூடங்கள் சிறியவை, பஞ்சடைத்தவை. 1947 இல் சிகாகோவில் பில் புட்னம் என்ற பொறியாளர் கழிவறையையே எதிரொலி அறையாக்கினார். ஒலியை அங்கே ஒலிபெருக்கியில் விட்டு, ஓட்டுச் சுவர்களில் மோதி வருவதை ஒலிவாங்கியில் பிடித்துக் கலந்தார். குளியலறையில் பாடினால் குரல் நன்றாயிருக்கிறது என்று எல்லா ஊர்க்காரருக்கும் தெரிந்த உண்மையிலிருந்து ஒரு தொழில்நுட்பம் பிறந்தது. 1957 இல் ஜெர்மனியின் இஎம்டி நிறுவனம் தொங்கவிட்ட எஃகுத் தகட்டை அதிரச்செய்து மண்டப முழக்கத்தை உண்டாக்கியது. அப்பெட்டியின் எடை ஏறத்தாழ 270 கிலோ. பின்னர் டேப் எக்கோ, அதன்பின் எண்மக் கருவி, இன்று கைபேசியில் ஓர் இழுவைக் கோடு.

இவ்வரலாற்றில் மலை நேராகவே ஒருமுறை குறுக்கிடுகிறது. 1966 ஏப்ரலில் இலண்டனில் பீட்டில்ஸ் குழுவின் ஜான் லெனன், மலையுச்சியிலிருந்து தலாய் லாமா ஓதுவதுபோல் தம் குரல் ஒலிக்க வேண்டும் என்று கேட்டார். இருபது வயது இளைஞரான ஜெஃப் எமரிக் அன்று பொறியாளர். மலைக்குப் போக வழியில்லை. ஆர்கன் வாத்தியத்துக்கென்று செய்யப்பட்ட, உள்ளே கூம்பு சுழலும் லெஸ்லி ஒலிபெருக்கியில் அவர் குரலைச் செலுத்தி, சுழன்று வந்ததை மீண்டும் பதிந்தார். ஒலி நெருங்கியும் விலகியும் அலைந்தது. கேட்பவருக்கு அது மலை போலத் தோன்றுகிறதா என்பது வேறு. குரலை அது பாடப்பட்ட இடத்திலிருந்து பிடுங்கி, இல்லாத இடமொன்றில் நிறுத்தலாம் என்ற துணிவு அங்கே தெளிவாகப் பிறந்தது. அதே ஆண்டு அதே கூடத்தில் கென் டவுன்செண்ட், ஒருமுறை பாடியதை இருவர் பாடியதுபோல் இரட்டிக்கும் முறையையும் கண்டார்.

எந்திரக் குரலின் மூலமோ போர்க்கருவி. பெல் ஆய்வகத்தின் ஹோமர் டட்லி 1930களில் உருவாக்கிய வோகோடர், பேச்சைப் பல அதிர்வுப் பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் வலிமையை மட்டும் அனுப்பி, மறுமுனையில் பேச்சைத் திரும்பக் கட்டியது. இரண்டாம் உலகப்போரில் தலைவர்களின் மறைமொழித் தொலைபேசிக்கு அது அடித்தளமாயிற்று. பாட்டுக்கு வந்தது பிறகுதான். ஆட்டோடியூனுக்கும் இப்படியோர் அயல் பிறப்பு உண்டு. ஆண்டி ஹில்டெபிராண்ட், நிலத்துள் ஒலியலை செலுத்தி எண்ணெய் வளத்தைத் தேடும் துறையிலிருந்து வந்தவர். அங்கே பழகிய கணிதத்தைக் கொண்டு பாடகரின் சுருதியைக் கண்டுபிடித்துத் திருத்தும் மென்பொருளை 1997 இல் வெளியிட்டார். பிழை தெரியாமல் மெல்லத் திருத்துவதே நோக்கம். மறு ஆண்டே ஷெர் என்ற பாடகியின் பாடலில் திருத்தும் வேகத்தை முற்றாக முடுக்கிவிட்டனர். குரல் படிக்கட்டில் குதிப்பதுபோல் சுரத்துக்குச் சுரம் தாவிற்று. மறைக்கச் செய்த கருவி, காட்டிக்கொள்ளும் கருவியாயிற்று.

சென்னைக்கு இக்கலை முழு வடிவில் வந்ததில் ஏ.ஆர். ரஹ்மானின் பங்கு பெரிது. கோடம்பாக்கத்தில் தம் வீட்டோடு அவர் அமைத்த பஞ்சதன் கூடத்தில், கலவையே இசையமைப்பின் பகுதியாயிற்று. ரோஜாவுக்கு முன்பே 'தீன் இசை மாலை' என்ற இஸ்லாமியப் பாடல் தொகுப்புக்கு அவர் இசையமைத்ததை நம் குடும்பங்களில் பலர் அறிவர். 2010 இல் எந்திரன் படத்துக்காகக் குரலை எந்திரமாக்கும் வேலையை அவர் வெளிப்படையாகவே செய்தார். மனிதன் செய்த எந்திரம் மனிதனைப்போல் உணரத் தொடங்கும் கதைக்கு அது பொருந்தியும் இருந்தது. 'புதிய மனிதா' பாடலில் அவரோடும் எஸ்.பி. பாலசுப்ரமணியத்தோடும் பாடிய சிறுமி அவருடைய மகள் கதீஜா.

ஆனால் நம் பார்வையில் இவ்வரலாற்றின் மையம் இன்னொரு குரல்: மர்ஹூம் ஷாஹுல் ஹமீது. 1993 இல் வெளிவந்த திருடா திருடா படத்தில் அவர் பாடிய 'ராசாத்தி' பாடலில் வாத்தியமே இல்லை. தாளமும் பின்னணியும் மனிதக் குரல்களே. அவரது குரல் மென்மையானதன்று. கிராமத்து மண்ணின் சொரசொரப்பு அதில் இருக்கிறது. அதற்குக் கரகரப்பூட்ட எந்தப் பொறியும் தேவையில்லை, படைத்தவனே ஊட்டியிருந்தான். 1990களின் பிற்பகுதியில் விபத்தொன்றில் அவர் மறைந்தார்.

கால் நூற்றாண்டுக்குப் பின், 2024 ஜனவரியில், லால் சலாம் படத்தின் 'திமிரி எழுடா' பாடலில் அவர் குரல் மீண்டும் ஒலித்தது. உடன் ஒலித்தது 2022 செப்டம்பரில் மறைந்த பம்பா பாக்யாவின் குரல். இருவரும் பாடாத பாடல் அது. செயற்கை நுண்ணறிவு அவர்களின் குரல்வார்ப்பைக் கற்றுக்கொண்டு செய்த நகல். இவ்வகை வேலையில் பொதுவாக உயிரோடிருக்கும் ஒருவர் பாடுவார். சொல்லும் தாளமும் மூச்செடுப்பும் அவருடையவை. அதன்மேல் மறைந்தவரின் குரல்நிறம் போர்த்தப்படுகிறது. இரு குடும்பத்தாரிடமும் அனுமதி பெற்று, உரிய ஊதியமும் அளித்ததாக ரஹ்மான் எக்ஸ் தளத்தில் அறிவித்தார். அதே காலத்தில் வேறொரு செய்தியும் வந்தது. 'கீடா கோலா' என்ற தெலுங்குப் படத்தில் எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் குரலை அனுமதியின்றி இம்முறையில் உருவாக்கியதாக அவர் மகன் எஸ்.பி. சரண் வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பினார். சில மாதங்களில் யுவன் சங்கர் ராஜா, 2024 ஜனவரியில் மறைந்த தம் சகோதரி பவதாரிணியின் குரலை இதே நுட்பத்தால் ஒரு பாடலில் கேட்கச் செய்தார். ஓராண்டுக்குள் மூன்று நிகழ்வுகள். ஒன்றில் அனுமதியும் ஊதியமும், ஒன்றில் வழக்கறிஞர் அறிவிப்பு, ஒன்றில் உடன்பிறந்தவரின் ஏக்கம்.

எதிரொலி, கரகரப்பு, சுருதித் திருத்தம் ஆகியவற்றுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை மழுப்பக் கூடாது என்பது நம் கருத்து. முன்னவை பாடிய குரலைத் திரித்தன. இது பாடாத குரலைப் பாடவைக்கிறது. ஹனஃபி அறிஞர்களின் எதிரொலிக்குப் பின்னால் பள்ளத்தாக்கின் இப்பக்கத்தில் ஒருவர் நின்றார். இங்கே நிற்பவர் வேறொருவர். வாரிசுகளின் அனுமதி அவசியம் என்பதில் நமக்கு ஐயமில்லை. அதைப் பெற்றவர் பெறாதவரைவிட மேலானவர். ஆயினும் வீடும் நிலமும் போல் குரலும் வாரிசுகள் பங்கிட்டுக்கொள்ளும் சொத்துத்தானா? தாம் ஒருநாளும் உச்சரிக்க ஒப்பாத சொற்களை, கப்றில் இருப்பவரின் குரலில் நாளை ஒருவர் உச்சரிக்கச் செய்தால் மகனின் கையொப்பம் அதற்குப் போதுமா? பாட்டோடு முடிந்துவிடும் கேள்வி அன்று இது. நம்பகமான ஆலிம் ஒருவரின் குரலில் அவர் சொல்லாத ஃபத்வா கைபேசிக்குக் கைபேசி பரவ இன்று ஒரு பிற்பகல் போதும். ஹதீஸ் கலை, ஆசிரியரின் வாயிலிருந்து நேரே கேட்டலை, அதாவது ஸமாஉவை, அறிவிப்பு முறைகளில் முதலிடத்தில் வைத்தது. 'கேட்டேன்' என்று சொல்பவர் யார், எங்கே, யாரோடு இருந்து கேட்டார் என்று ஆராய்ந்தது. குரல் ஒன்றே சான்றாகிவிடாது, கேட்டவரின் நேர்மையும் வேண்டும் என்ற அந்தக் கண்டிப்பு நம் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களுக்கு இப்போது அவசரமாகத் தேவைப்படுகிறது.

பள்ளிவாசலுக்குள் இக்கலை எவ்வளவு வரலாம்? பல ஊர்களில் ஒலிபெருக்கியில் எக்கோ வைத்தே பாங்கும் தொழுகை ஓதலும் நடக்கின்றன. கேட்க இனிமைதான். ஆனால் தஜ்வீத் கற்றவர் இதை எளிதில் விட்டுவிட மாட்டார். மத்துக்கு இரண்டு, நான்கு, ஆறு ஹரக்கத்து என்று அளவு இருக்கிறது. ஓதுபவர் இரண்டில் நிறுத்தினாலும் எதிர்முழக்கத்தின் வால் அதை நான்காக்கிவிடும். 'ரா' எழுத்தில் நா பலமுறை அடிப்பதைத் தவிர்க்கவேண்டும் என்று உஸ்தாது பிள்ளையை ஆண்டுக்கணக்கில் பழக்குகிறார். எக்கோ ஒரு நொடியில் அந்த 'ரா'வை மூன்றாக்கிவிடுகிறது. எழுத்துகளைத் திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்யுமானால் இக்கருவி கூடாது என்று சவூதி அறிஞர் இப்னு உஸைமீன் தீர்ப்பளித்தது இக்காரணத்தால்தான். ஆட்டோடியூனைக் கிராஅத்தில் சேர்ப்பதற்கு எதிரான காரணமோ இன்னும் நுட்பமானது. அராபிய மகாம்களில் பயாத்தி, ரஸ்த் போன்றவற்றின் சில சுரங்கள் மேற்கத்தியப் பன்னிரு சுரங்களுக்கு இடைப்பட்டவை. கைபேசிச் செயலி அவற்றைப் பிழை என்று எண்ணி, அருகிலுள்ள கட்டத்துக்கு இழுத்துவிடும். ஆக, குறை ஒன்றுமில்லாத ஓதலைக் கருவி கெடுத்து, 'திருத்திவிட்டேன்' என்கிறது. (நம் இசையின் கமகங்களுக்கும் இதே கதிதான்.)

நஷீதுகளில் நிலைமை வேறு. அங்கே பாடுவது மனிதர் இயற்றிய சொல். குரலை அழகுபடுத்துவதில் அடிப்படைத் தடை ஏதும் இருப்பதாக நமக்குத் தெரியவில்லை. ஆனால் ஒரு விநோதம். இசைக்கருவி கூடாது என்று கருதும் பலர், கருவியில்லாப் பதிப்புகளை விரும்புகிறார்கள். மாஹிர் ஸைன் போன்றோரின் பாடல்கள் அவ்வாறு குரல் மட்டும் உள்ள பதிப்பாகவும் வெளிவந்துள்ளன. அத்தகைய ஆக்கங்கள் சிலவற்றில், வாயால் எழுப்பிய ஓசையை வெட்டி, தாழ்த்தி, கரகரப்பூட்டி, முரசென்றும் வயலினென்றும் மயங்கும்படி செய்கிறார்கள். கருவி தொடப்படவில்லை என்பது மெய். காதில் விழுவது கருவியே என்பதும் மெய். தடைக்குக் காரணம் கருவியைக் கையாள்வதா, காதில் விழும் விளைவா என்பதை அறிஞர்கள் விவாதிக்கட்டும். குரல்வழி இசைதான் விருப்பமென்றால், 1993 இல் ஷாஹுல் ஹமீதுக்குப் பின்னால் நின்று பாடியவர்களைப்போல் குரலைக் குரலாகவே கேட்கவிடுவது நம் காதுக்கு இனிது. முரசாக வேடமிட்ட குரல் முரசாகவும் இல்லை, குரலாகவும் இல்லை.

பல வீடுகளின் அலமாரிகளில் இன்னும் கேசட்டுகள் கிடக்கின்றன: நன்னாவின் மவ்லிது, வெளிநாட்டிலிருந்து வாப்பா பேசி அனுப்பிய சலாம், பெரியம்மாவின் தாலாட்டு. இன்றைய மென்பொருள்கள் அவற்றின் இரைச்சலை நீக்கித் தருவதாகச் சொல்கின்றன. இரைச்சலோடு மூச்சையும், பின்னணியில் கேட்கும் பாங்கையும், அடுப்படிப் பேச்சையும் சேர்த்து அவை துடைத்துவிடுவதுண்டு. ஆகவே முதலில் எந்தத் திருத்தமும் இன்றி, சுருக்காத வேவ் வடிவில் ஒரு படி எடுத்து, அதை இரண்டு இடங்களில் வைத்துக்கொள்ள வேண்டும். தூய்மை செய்வதும் எக்கோ சேர்ப்பதும் இன்னொரு படியில் நடக்கட்டும். கோப்பின் பெயரில் பேசியவர், ஊர், ஆண்டு மூன்றையும் எழுதிவைக்கலாம். பேசியவர் இன்று உயிரோடிருந்தால், தம் குரலை எதற்குப் பயன்படுத்தலாம், எதற்குக் கூடாது என்று அவரையே கேட்டு, அந்தப் பதிலையும் அவர் குரலிலேயே பதிந்து அதனோடு சேர்த்து வைப்பது நல்லது.